வாரம் ஒரு பெல்ட்

பெல்ட் மறுபடியும் தேய்ந்துபோயிருந்தது.

லிஃப்ட் ஆய்வாளர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தன் காரின் பானெட்டுக்குள் பாதி உடம்பை நுழைத்துப் பார்த்தார். போன ஞாயிற்றுக்கிழமை மாட்டிய பெல்ட். இன்று சனிக்கிழமை. அதற்குள் ஓரமெல்லாம் நைந்து, நூல் நூலாகப் பிரிந்து தொங்கியது. இந்த ஆறு நாளில் கார் போன தூரம் மொத்தம் மூன்று கிலோமீட்டர். காய்கறிக் கடைக்குப் போக ஒன்றரை, திரும்பி வர ஒன்றரை. வரும்போது தக்காளி நசுங்கிவிடுமே என்று அவர் இரண்டாவது கியரைத் தாண்டவில்லை.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"மாஸ்டர், பெல்ட் போச்சு."

"எந்த பெல்ட் சார்?"

"சூப்பர்சார்ஜர் பெல்ட்."

"போன வாரம்தானே சார் மாட்டினேன்?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"எங்க சார் போனீங்க?"

"காய்கறி வாங்க."

மறுமுனையில் ஸ்பானரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"நிறைய காய்கறியா சார்?" என்றான் மெக்கானிக்.

ஆய்வாளரைப் பற்றி இங்கே சொல்லிவிடுவது நல்லது. இருபத்து மூன்று வருடமாக லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலை. வாழ்க்கையில் பாதி நேரம் மேலே போனார், மீதி நேரம் கீழே வந்தார். வேகமாகப் போனது இல்லை. ஆபீஸ் வேனில் போய் ஆபீஸ் வேனில் வருவார். அப்படிப்பட்டவர் போன வருடம் யாரையும் கேட்காமல் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொண்டு வந்து நின்றார். இரண்டே இரண்டு சீட். தரையைத் தடவிக்கொண்டு போகும் உயரம். தனக்கு ஆசையாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக அவர் வாங்கிய முதல் பொருள் அதுதான். அதன்மேல் அவருக்கு உயிர்.

வாங்கிய மூன்றாம் மாதம் அதற்கு சூப்பர்சார்ஜர் மாட்ட வேண்டும் என்றார். அது காற்றை அடைக்கும் ஒரு பொறி. இன்ஜினிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுற்றும். அது காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும், சக்தியும் கூடும். கார் கம்பெனி இதைக் கொடுப்பதில்லை. வெளியே விற்கிறார்கள், வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"இப்பவே முந்நூறு குதிரைசக்தி இருக்கே சார். நீங்க நாப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட மாட்டீங்களே. எதுக்கு?" என்று மெக்கானிக் அப்போதே கேட்டான்.

"மாஸ்டர், எட்டுப் பேர் போற லிஃப்ட் இருக்கு. அதோட கயிறு எத்தனை பேரைத் தாங்கும்னு நினைக்கறீங்க? அதைப் போல பத்து மடங்கு. யாராவது ஏத்திப் பாக்கறாங்களா? தாங்கும், அவ்வளவுதான். அது தெரிஞ்சாத்தான் நிம்மதியா ஏறலாம்."

"அப்ப ஓட்டறதுக்கு இல்ல?"

"இருக்கணும். அது போதும்."

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு மாட்டிக் கொடுத்தான். ஓட்டாமலே திருப்திப்படுகிற வாடிக்கையாளர் கிடைப்பது எந்தத் தொழிலிலும் அபூர்வம்.

அன்றிலிருந்துதான் இந்தத் தேய்மானம்.

"வழுக்குது சார்" என்றான் மெக்கானிக், ஞாயிறன்று வந்து பெல்ட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு. "உள்பக்கம் நீளமா ஆறு பள்ளம் ஓடுற பெல்ட் பத்தல. எட்டு பள்ளம் போடுவோம். அது சுத்துற சக்கரம், புல்லி, அதையும் மாத்தணும். கிடைக்கறது கொஞ்சம் சின்ன புல்லி. அது இன்னும் வேகமா சுத்தும்."

"சக்தி கூடுமா?"

"கூடும்."

"கூடட்டும்" என்றார் ஆய்வாளர் பெருந்தன்மையாக.

பார்சலை வாங்கிவைத்தது மனைவிதான். அவள் நூலகர். வாரத்தின் நடுவில் ஒரு நாள் அவளுக்கு விடுமுறை என்பதால் வீட்டுக்கு வரும் பெட்டிகளுக்கெல்லாம் கையெழுத்துப் போடுவது அவள் பொறுப்பு. பேசினால் பக்கத்து அறைக்குக் கேட்காது. வேலை பார்த்த இடத்தின் குணம் தொண்டையில் தங்கிவிட்டது. கார் வாங்கிய அன்று ஒரே ஒரு முறை அதில் ஏறினாள். ஊரை ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும்வரை கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முன்னால் இருந்த சாலையையே பார்த்தபடி வந்தாள். இறங்கி, "நல்லா இருக்குங்க" என்றாள். அதற்குப் பிறகு அவர் எவ்வளவு கூப்பிட்டும் ஏறவில்லை. பாவம், வேகத்தைக் கண்டால் பயம் என்று ஆய்வாளர் புரிந்துகொண்டார்.

"என்னங்க, பார்சல் வந்துருச்சு. எட்டு பள்ளம்தான். எண்ணிப் பாத்துட்டேன்" என்றாள் அன்று மாலை.

தனக்காக ஒருத்தி பெல்ட்டின் பள்ளத்தை எண்ணுகிறாளே என்று அவருக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை பெல்ட் நன்றாக இருந்தது. பெட்ரோல்தான் இல்லை.

ஞாயிறன்று முழுத் தொட்டி நிரப்பியிருந்தார். முள் இப்போது அடியில் படுத்துக் கிடந்தது. காரின் அடியில் செய்தித்தாள் விரித்து ஒரு மணி நேரம் காத்திருந்தார். ஒரு சொட்டு விழவில்லை. தாளை மோந்து பார்த்தார். செய்தித்தாள் வாசனைதான் வந்தது.

"பெட்ரோலைப் பீய்ச்சற இன்ஜெக்டர் உள்ளுக்குள்ள ஒழுகுதோ என்னவோ" என்றான் மெக்கானிக், தனக்கே நம்பிக்கை இல்லாத குரலில். "நாலையும் மாத்திடலாம். ஆனா இப்ப கிடைக்கறது பெரிய சைஸ். அதுக்குப் பெரிய பெட்ரோல் பம்ப் வேணும். கார் கம்ப்யூட்டரையும் அதுக்கேத்த மாதிரி மாத்தி எழுதணும்."

"சக்தி?"

"கூடும் சார். எனக்கே பயமா இருக்கு."

அதோடு பழைய மீட்டர் பலகையையும் கழற்றி, அந்த இடத்தில் ஒரு திரை பொருத்தினார்கள். காற்றழுத்தம், எண்ணெயின் சூடு, தண்ணீரின் சூடு, சூப்பர்சார்ஜரின் சுற்று என்று பதினாறு விஷயம் அதில் தெரிந்தது. கார் மொத்தம் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அது யாருக்கு வேண்டும் என்றார் ஆய்வாளர். வாரத்துக்கு மூன்று என்று தனக்கே தெரியுமே.

மூன்றாவது வாரம் பின் டயர் இரண்டும் மொட்டையாகிவிட்டன.

"சக்கரம் கோணலா இருக்கும்" என்றார் ஆய்வாளர். மெக்கானிக் அளந்து பார்த்தான். கோணல் இல்லை. இருந்தாலும் ஏதாவது செய்ய வேண்டுமே என்று, சாலையைக் கோந்து போட்டதுபோலப் பிடித்துக்கொள்ளும் பந்தய டயர் இரண்டை மாட்டினான். டயர் வழுக்க மறுத்தது. அந்தச் சுமையெல்லாம் கிளட்ச்சில் இறங்கி, நான்காவது வாரம் அது கருகிப்போனது.

கருகிய கிளட்ச்சின் நாற்றம் கீழ்த்தளம் முழுக்கப் பரவியிருந்தது. கிளட்ச்சையும் பலமானதாகப் போட்டார்கள். அதை மிதிக்கச் சுவரைத் தள்ளுகிற அளவுக்குப் பலம் வேண்டியிருந்தது. காய்கறிக் கடைக்குப் போய் வருவதற்குள் ஆய்வாளரின் இடது முழங்கால் வீங்கிவிட்டது. திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே போய் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் லிஃப்டைச் சோதித்தார்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா?" என்றார் வீட்டில், காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த மனைவியிடம். "அந்த கிளட்ச்சை மனுஷன் மிதிக்க முடியாது."

"அப்படியா?" என்று மனைவி தன் இடது காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டாள். "பழகிட்டா சரியாயிடுமோ என்னமோ."

ஐந்தாவது வாரம் பிரேக் பேட் காகிதமாகத் தேய்ந்திருந்தபோது ஆய்வாளருக்கு மெக்கானிக்மேல் சந்தேகம் வந்தது. புதிய பாகம் என்று சொல்லிப் பழையதை மாட்டுகிறானோ? தொழில் புத்தி வேலை செய்தது. யாருக்கும் தெரியாமல் வெள்ளைப் பெயிண்ட்டும் தூரிகையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, புதிதாகப் போட்ட பேட், பெல்ட், டயர் என்று ஒவ்வொன்றிலும் தன் கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட்டுவைத்தார்.

அடுத்த சனிக்கிழமை பார்த்தார். எல்லாம் அவர் குறியிட்ட பாகங்கள்தான். எல்லாம் தேய்ந்திருந்தன. டயரில் போட்ட எழுத்தில் பாதியைக் காணோம்.

குறி போட்ட விஷயம் மெக்கானிக்கின் கண்ணிலும் பட்டுவிட்டது.

"இது என்ன சார்?"

"அடையாளம்."

"எதுக்கு?"

ஆய்வாளர் குனிந்து டயரைப் பார்த்தார். மெக்கானிக்குக்கு முகம் சிவந்துவிட்டது.

"பதினஞ்சு வருஷமா கடை வச்சிருக்கேன். ஒருத்தரும் என்னை இப்படிச் சந்தேகப்பட்டதில்ல. சரி, இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடலாம்." லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வந்து காரில் ஒயரைச் சொருகினான். "இந்தக் கார் கம்ப்யூட்டர் உச்சத்தை எல்லாம் எழுதி வச்சுக்கும். இன்ஜின் அதிகபட்சம் எவ்வளவு சுத்துச்சு, கார் எவ்வளவு வேகம் போச்சு, எல்லாம்."

திரையில் எழுத்துகள் ஓடின. மெக்கானிக் திரையைச் சட்டையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"சார். இருநூத்திப் பதினொண்ணு."

"எது?"

"மணிக்கு. கிலோமீட்டர்."

"என்னைக்கு?"

"நாள் நேரமெல்லாம் காட்டாது சார். உச்சம் மட்டும்தான். ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. எங்க சார் ரேஸ் ஓட்டுறீங்க?"

"நான் காய்கறி வாங்கப் போறேன்யா!"

"சாவி வேற யார்கிட்டயாவது?"

"சாவி என் வீட்டை விட்டு வெளிய போனதே இல்ல."

"அப்ப நீங்கதான் சார்" என்று மெக்கானிக் லேப்டாப்பை மூடினான். அவனுடைய பார்வையில் கோபம் போய் மரியாதை வந்திருந்தது. "வெளிய சொல்ல மாட்டேன். ஆனா ஹெல்மெட் போட்டுக்குங்க."

இயந்திரம் தேய்ந்தால் குறை இயந்திரத்துக்குள்தான் இருக்கும் என்பது ஆய்வாளரின் இருபத்து மூன்று வருடக் கொள்கை. லிஃப்ட்டில் போகிறவர்கள் சொல்லும் புகாரை அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. நேரே போய்க் கயிற்றைப் பார்ப்பார். அந்த வழக்கப்படி வேகம் காட்டும் உணரிகள் நான்கையும் மாற்றச் சொன்னார். மாற்றிய பிறகு, அடுத்த சனிக்கிழமை இருநூற்றுப் பதினெட்டு காட்டியது.

இனி ஒரே ஒரு பாகம்தான் சோதிக்காமல் பாக்கி இருந்தது. அது அவரேதான்.

சின்ன வயதில் ஒருமுறை அவர் தூக்கத்தில் எழுந்து போய் பீரோவுக்குள் உட்கார்ந்திருந்ததாக வீட்டில் சொல்வார்கள். பீரோவுக்குள் உட்காரத் தெரிந்தவனுக்குக் காருக்குள் உட்காரத் தெரியாதா? விழித்திருக்கும்போது நாற்பதைத் தாண்டாத மனிதன் தூங்கும்போது இருநூற்றுப் பதினெட்டில் போகிறான். பயத்துக்கு நடுவே ஓரமாகக் கொஞ்சம் பெருமையும் இருந்ததை அவர் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் ஆபீஸ் வேனில் டிரைவரைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் மிதிக்கலாமே தம்பி" என்று சொன்னார்.

மனைவியிடம் மறைக்க முடியவில்லை.

"ராத்திரி நான் எழுந்து எங்கயாவது போறேனா?"

"ஏங்க?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். மனைவி கையிலிருந்த புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். இருநூற்றுப் பதினெட்டு என்றதும் புருவத்தைச் சுருக்கினாள்.

"இருநூத்திப் பதினெட்டுன்னா... அந்த மிஷின் சரியாத்தான் காட்டுதா?"

எப்படியாவது அது பொய்யாக இருக்கக் கூடாதா என்று ஏங்குகிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

"சரியாத்தான் காட்டுது. நான் எந்திரிச்சுப் போறது உனக்குத் தெரியலையா?"

மனைவி புத்தகத்தை மறுபடி பிரித்தாள். "நான் படுத்தா இடி விழுந்தாலும் தெரியாதுங்க. தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

அன்றே கயிறு வாங்கிவந்தார். கயிறு விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. படுக்கும்போது வலது கால் பெருவிரலைக் கட்டில் காலோடு கட்டிக்கொண்டார். முடிச்சு சரியாக இருக்கிறதா என்று மனைவி இழுத்துப் பார்த்துச் சொன்னாள். ஒரு வாரம் முழுக்க, காலையில் கண் விழிக்கும்போது முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது.

சனிக்கிழமை பெட்ரோல் தொட்டி காலியாகக் கிடந்தது.

ஆய்வாளர் கட்டிலில் உட்கார்ந்து முடிச்சையே வெறித்துப் பார்த்தார். விளங்கிவிட்டது. தூங்கினாலும் ஆய்வாளர் ஆய்வாளர்தானே. அவிழ்த்துவிட்டுப் போனவன், திரும்பி வந்து முறைப்படி கட்டிவிட்டுத்தான் படுத்திருக்கிறான்.

கடைசி வழியாக, சாவியை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"இதை நீயே வச்சுக்கோ. எங்க வைக்கறேன்னு எங்கிட்ட சொல்லாதே. நான் கெஞ்சினாலும் குடுக்காதே. ஞாயித்துக்கிழமை காய்கறிக்கு மட்டும் குடு."

"நானா?" என்றாள் மனைவி.

"உன்னை விட்டா நான் யாரை நம்புவேன்?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். தன்னால் இவளுக்கு எவ்வளவு பாரம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அந்த வாரம்தான் எல்லாவற்றையும்விட மோசம். டயர் நான்கும் போயிருந்தன. பிரேக் தட்டு சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. மெக்கானிக் லேப்டாப்பைச் சொருகிப் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஆய்வாளரை உட்காரச் சொன்னான். தண்ணீரும் கொடுத்தான்.

"இருநூத்தி முப்பத்தி நாலு சார். தொழில்முறைல ஓட்டுறவங்களே யோசிப்பாங்க. நீங்க எப்படி சார் இவ்வளவு அமைதியா இருக்கீங்க?"

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல மாஸ்டர்" என்றார் ஆய்வாளர்.

"பெரிய ஆளுங்க எல்லாம் இப்படித்தான் சொல்லுவாங்க" என்றான் மெக்கானிக்.

வீட்டுக்கு வந்ததும் முடிவைச் சொன்னார்.

"காரை வித்துடப் போறேன்."

மனைவியின் கையிலிருந்த புத்தகம் கீழே விழுந்தது. வீட்டில் அவள் எழுப்பிய மிகப் பெரிய சத்தம் அதுதான்.

"எதுக்குங்க இவ்வளவு அவசரம்?"

"அவசரமா? நீ ஒளிச்சு வச்ச சாவியைக்கூடத் தூக்கத்துல கண்டுபிடிச்சு எடுத்துட்டுப் போறேன். என்னைக்காவது ஒருத்தர் மேல ஏத்திட்டா? ஒரு உயிர் போயிட்டா?"

"இதுவரைக்கும் எங்கயும் இடிக்கலையே."

"இனிமே இடிச்சா?"

"இடிக்காது" என்றாள் மனைவி. வழக்கத்துக்கு மாறாக, பக்கத்து அறைக்கும் கேட்கும்படி சொன்னாள். "அவ்வளவு வேகம் போயும் வண்டியில ஒரு கீறல் இல்ல. அப்படின்னா ஓட்டுறவங்களுக்குக் கை எவ்வளவு திடமா இருக்கணும்? அதை யோசிச்சீங்களா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேகம் என்றாலே நடுங்குகிறவள், தன் கணவனுக்குப் பிடித்த பொருள் கையை விட்டுப் போகக் கூடாது என்பதற்காக இப்படியெல்லாம் பேசுகிறாள். இந்தக் காரால் அவளுக்குக் கிடைத்தது என்ன? பார்சலும் ஒத்தடமும்தான். இத்தனை மாதத்தில் அவள் ஒரு குறையும் சொன்னதில்லை. அவளுக்காகவாவது இதை விற்றே தீர வேண்டும் என்று அவர் உறுதி செய்துகொண்டார்.

ஒரு பல் டாக்டர் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. மனைவி சமையலறையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். நிம்மதியில் வரும் அழுகை என்று அவர் தொந்தரவு செய்யாமல் விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், புது டயர் மாட்டியிருந்த காரின் பக்கத்தில் போய் நின்றார். நாளை இந்நேரம் இந்த இடம் காலியாக இருக்கும். அதை நினைத்தபோது நெஞ்சு நிஜமாகவே வலித்தது. இந்த எட்டு பள்ளத்தையும் பெரிய இன்ஜெக்டரையும் கண்ணை விழித்துக்கொண்டு ஒரு தடவைகூட அனுபவிக்கவில்லையே. ஊருக்கு வெளியே ஒரு பந்தயத் தடம் இருக்கிறது, பொதுமக்களும் தங்கள் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம் என்று மெக்கானிக் சொல்லியிருந்தான். மாடிக்கு ஏறிப் போய் மனைவியைக் கூப்பிட்டார்.

"கிளம்பு. ரேஸ் தடத்துக்குப் போறோம். கடைசியா ஒரு தடவை. நான் முழிச்சுக்கிட்டே ஓட்டப் போறேன். நீ பக்கத்துல இருக்கணும்."

மனைவியின் முகம் வெளிறிப்போனது.

"எனக்குத் தலை வலிக்குதுங்க."

"வழியில மாத்திரை வாங்கிக்கலாம்."

"துணி ஊற வச்சிருக்கேன்."

"ஊறட்டும்."

"எனக்கு அந்த மாதிரி இடமெல்லாம் பயம். நீங்க மட்டும் போயிட்டு வாங்களேன்."

"நான் இருக்கேன்ல, என்ன பயம்?" என்று அவள் தோளில் கை வைத்தார். "அறுபதுக்கு மேல போக மாட்டேன். சத்தியமா."

இதைக் கேட்டதும் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் இருந்தது என்ன என்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அன்பு என்று எடுத்துக்கொண்டார்.

அவள் தலையைச் சுற்றித் துப்பட்டா போட்டுக்கொண்டாள். முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டாள். வெயில் என்றாள். வெளியே மேகமாக இருந்தது. வழி நெடுக அவர் ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தார். வளைவில் மெதுவாகத் திரும்புவேன், பிரேக்கை மெல்லத்தான் மிதிப்பேன், வாந்தி வருவதுபோல் இருந்தால் உடனே சொல் என்றார். ஒரு சந்திப்பில் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அவர் தடுமாறியபோது, "இடது" என்றாள். "எப்படித் தெரியும்?" என்றார். "போர்டு பாத்தேன்" என்றாள். அவர் கண்ணுக்குப் போர்டு எதுவும் தென்படவில்லை. கிளட்ச்சோடு போராடிக்கொண்டிருந்தவருக்கு அதைத் தேட நேரமும் இல்லை.

தடத்தின் வாசலில் கம்பி குறுக்கே கிடந்தது. முன்னால் நின்ற கார்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, லைசென்ஸைக் காட்டு, படிவத்தைக் கொடு, ஹெல்மெட் எங்கே என்று காவலாளி உலுக்கி எடுத்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் எல்லாக் காகிதத்தையும் வரிசையாக அடுக்கி மடியில் தயாராக வைத்துக்கொண்டார். மனைவி சீட்டில் சரிந்து சரிந்து, தலை கண்ணாடிக்குக் கீழே போகிற அளவுக்கு உட்கார்ந்திருந்தாள்.

"பயப்படாதே" என்றார் ஆய்வாளர், அவள் கையைப் பற்றிக்கொண்டு. "முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்."

அவர்கள் முறை வந்தது. காவலாளி காரைப் பார்த்தார். காகிதம் எதையும் கேட்கவில்லை. கம்பியை உயரத் தூக்கிவிட்டு, ஆய்வாளர் நீட்டிய கையைக் கவனிக்காமலே காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். மனைவியின் ஜன்னலைத் தட்டினார். அவள் திறக்கவில்லை. மறுபடி தட்டினார். வேறு வழியில்லாமல் கண்ணாடி மெல்ல இறங்கியது. காவலாளி குனிந்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்து, ஒரு சல்யூட் வைத்தார்.

"வாங்கக்கா! என்ன இன்னைக்கு இந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க... சார் புது ஸ்டூடண்டா?"